கிரேக்கப் பாஸ்போர்ட் அங்கிள்

அவர் கடைக்குள் வரும்போதே வெளியே போகிற அவசரத்தோடுதான் வருவார். ஒரு கால் உள்ளே இருக்கும். முதுகு கண்ணாடிக் கதவைச் சாத்தவிடாமல் தாங்கிக்கொண்டிருக்கும். "உக்காருங்க அங்கிள்" என்று நாற்காலியைக் காட்டினால், "கதிரை கிடக்கட்டும் பிள்ளை, நான் நிண்டு கதைச்சுப் பழகினவன்" என்பார். பேசி முடிப்பதற்குள் மூன்று தடவை தெருவைத் திரும்பிப் பார்ப்பார். அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். எதிர்க் கடைக்காரர் முருங்கைக்காய்க் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான்.

எனக்கு அவர் பெயர் தெரியும். ஆனாலும் எழுதப்போவதில்லை. அந்தப் பெயரால் அவர் பட்ட பாடு போதும்.

ஏழெட்டு வருஷத்துக்கு முந்தைய கதை. சிட்னியின் பென்டில் ஹில்லில் ஒரு சின்ன டிராவல்ஸில் நான் வேலை பார்த்தேன். கணவருக்கு சாஃப்ட்வேர் வேலை; அவருடைய விசாவில் ஒட்டிக்கொண்டு திருச்சியிலிருந்து வந்தவள் நான். எங்களுக்கு நிரந்தர விசா இன்னும் வரவில்லை. காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் முதல் வேலையாக எங்கள் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பேன். அப்புறம்தான் வாடிக்கையாளர்களின் விண்ணப்பங்கள். கடையின் முதலாளியம்மா யாழ்ப்பாணத்துக்காரர். டிக்கெட்டை அவர் பார்த்துக்கொள்வார், விசா என் பொறுப்பு.

முதல் நாள் அவர் மேசையில் வைத்த பாஸ்போர்ட் கருஞ்சிவப்பு நிறத்தில் இருந்தது. மேலே எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. வேறு யாருடையதோ என்று நினைத்தேன்.

"இது யாரோடது அங்கிள்?"

"என்ரதான். நான் மன்னார்க் கிரேக்கன்" என்றார். சிரிக்கவில்லை.

செவன் ஹில்ஸில் ஒரு கிரேக்கக் குடும்பத்தின் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. அவர்களுடைய இனிப்புகளுக்கு வேண்டிய, காகிதம் போல மெல்லிய மாவுத் தாள்களை அங்கே தயாரித்தார்கள். விடியும் முன்னே போய்விட்டு மத்தியானம் எங்கள் கடைக்கு வருவார். புருவத்தில் மாவு ஒட்டியிருக்கும். இருபத்துநாலு வயதில் கப்பலில் வேலைக்கென்று மன்னாரை விட்டுப் போனவர், இரண்டு வருஷம் கழித்து கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுகத்தில் இறங்கி, திரும்பக் கப்பலில் ஏறவில்லை. அங்கேயே பேக்கரிகளில் மாவு பிசைந்தார். ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் பதினொரு வருஷம். அதன் பிறகு கிரேக்க அரசு அப்படிப்பட்டவர்களுக்கு இருப்பு அனுமதி கொடுத்தது. இன்னும் சில வருஷத்தில் குடியுரிமையும் வந்தது. அந்த நாட்டில் வேலைகள் அற்றுப்போன சமயத்தில், சிட்னியில் இருந்த இந்த முதலாளி கைத்தொழில் தெரிந்த ஆள் என்று ஸ்பான்சர் செய்து கூட்டிவந்தார்.

இதையெல்லாம் அவர் ஒரே நாளில் சொல்லவில்லை. இந்திய இ-விசா படிவம் கேட்கக் கேட்கச் சொன்னார்.

அந்தப் படிவத்தை நிரப்பியவர்களுக்குத் தெரியும், அது எதையும் விடாது. அப்பா எந்த ஊரில் பிறந்தார், அம்மா எந்த ஊர், முன்பு எந்த நாட்டுக் குடியுரிமை இருந்தது, உடம்பில் என்ன அடையாளம், கடந்த பத்து வருஷத்தில் எந்தெந்த நாட்டுக்குப் போனீர்கள். திருமணமானவரா என்று கேட்டேன்.

"ஓம்" என்றார். பிறகு, "இல்லை. மனிசி செத்துப்போச்சுது" என்றார். "எந்தப் பெட்டியில அடிக்கிறது அதை?"

இலங்கையில் சண்டை முற்றியபோது அவர் மனைவி கைக்குழந்தையோடு படகேறி ராமேஸ்வரத்துக்குப் போய், அங்கிருந்து திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு அகதி முகாமில் சேர்ந்தாராம். குழந்தைக்கு எட்டு வயதாகும்போது தாய் இறந்துவிட்டார். அப்போது இவர் பிரேயஸில், காகிதம் இல்லாத ஆள். கிளம்பினால் திரும்ப வழி இல்லை. மகளை மனைவியின் தங்கை வளர்த்தார். மகள் இன்னும் அதே முகாமில்தான் இருக்கிறாள்.

"இந்தியாவுல எந்த முகவரிக்குப் போறீங்க?" என்று கேட்டேன். முகாமின் பெயரைச் சொன்னார். நான் படித்த கல்லூரிக்குப் போகிற பஸ் அந்த வழியாகத்தான் போகும். மூன்று வருஷம் தினமும் இரண்டு தடவை அந்த வாசலைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று யோசித்ததில்லை.

விண்ணப்பம் போன மூன்று நாட்களும் என் உயிரை எடுத்துவிட்டார். காலை ஏழு மணிக்கு போன். "வந்ததோ?" பத்து மணிக்கு, தொழிற்சாலை இடைவேளையில், "வந்ததோ?" மத்தியானம் நேரே வந்து கதவில் முதுகைக் கொடுத்துக்கொண்டு, "ஒருக்கால் அமத்திப் பாருங்கோ."

"மெயில் வரும் அங்கிள். வந்தா நானே கூப்பிடுறேன்."

"ஆவ்ரியோ" என்பார் கசப்பாக. கிரேக்க மொழியில் 'நாளைக்கு' என்று அர்த்தமாம். பதினொரு வருஷமும் ஒவ்வொரு அலுவலகக் கண்ணாடிக்கும் அந்தப் பக்கத்திலிருந்து அவருக்குக் கிடைத்த சொல் அது.

நான்காம் நாள் விசா வந்தது. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். ஐந்து பிரதி கேட்டார். சட்டைப் பைக்கு ஒன்று, காருக்கு ஒன்று, அறைக்கு ஒன்று, தொழிற்சாலை அலமாரிக்கு ஒன்று, முதலாளி கையில் ஒன்று. போனில் படம் பிடித்து மகளுக்கும் அனுப்பினார். அப்புறம் தாளைத் தடவிப் பார்த்தார்.

"முத்திரை எங்க?"

"இதுல முத்திரை கிடையாது. அங்க இறங்கினதும் பாஸ்போர்ட்ல குத்துவாங்க."

"இறங்கினாப் பிறகோ? அப்ப இது என்னத்துக்கு?" கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடியில் இருந்த சின்ன எழுத்தை வாசித்தார். விசா இருந்தாலும் உள்ளே விடுவதா இல்லையா என்பது குடிவரவு அதிகாரியின் முடிவு என்று எல்லா நாடும் போடுகிற வரிதான். ஆனால் அவருக்கு அது தனக்கென்றே எழுதியதாகத் தோன்றியது. "பாத்தீங்களோ பிள்ளை, மேல பெரிசா தந்திட்டம் எண்டு சொல்லிப்போட்டு, கீழ வேற கதை சொல்லுறாங்கள்."

அந்தத் தடவை அவர் போகவில்லை. முதலாளியம்மா போட்டுக் கொடுத்த டிக்கெட்டைப் பயணத்துக்கு ஒன்பது நாள் முன்பு வந்து ரத்து செய்தார். வேலை கூடிவிட்டது என்றார். கொடுத்திருந்த கெடு தாண்டியதும் விசா காலாவதியானது.

ஆறேழு மாதம் கழித்து மறுபடி வந்தார். மறுபடி அதே படிவம், அதே போன்கள், அதே ஐந்து பிரதி. இந்தத் தடவை அவரைத் தடுத்தது பெயர். அவர் பெயர் 'ஜே'யில் தொடங்கும். கிரேக்கத்தில் அந்த ஓசைக்கு எழுத்து இல்லை. இரண்டு எழுத்தைச் சேர்த்து எழுதி, அதைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றும்போது பாஸ்போர்ட்டில் 'டி', 'இசட்' என்று ஆகிவிட்டது. விசாவில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியேதான் போட்டிருந்தேன். அதில் தவறே இல்லை.

"எல்லாம் சரி பிள்ளை. ஆனா மகளின்ர பிறப்புச் சான்றிதழில தகப்பன் பேர் வேற மாதிரியெல்லோ கிடக்குது. ரெண்டையும் வச்சுப் பாத்தா நான் தகப்பன் இல்லை."

"அவங்க அதை ஏன் வச்சுப் பாக்கப் போறாங்க?"

"பாப்பாங்கள்." தெருவைத் திரும்பிப் பார்த்தார். "எல்லாத்தையும் பாப்பாங்கள்."

அதுவும் காலாவதியானது.

முதலாளியம்மா சொல்லிவிட்டார், "அவருக்கு உலகம் முழுக்க விசா குடுத்தாலும் செவன் ஹில்ஸைத் தாண்டமாட்டார்." நானும் அவரைப் பார்த்து எரிச்சல்பட ஆரம்பித்திருந்தேன். உண்மையைச் சொன்னால், என் விசாவும் நிலுவையில் இருந்த நாட்கள் அவை. கையில் வந்த விசாவை ஒருவர் வீணாக்குவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

மூன்றாவது தடவை அவர் கேட்டது நியாயமான கேள்வி. "போறதுக்குத் தந்தாச்சு. திரும்பி வாறதுக்கு?"

"நீங்க இங்க பர்மனன்ட் தானே" என்று அலட்சியமாகச் சொன்னேன்.

"ஒருக்கால் அமத்திப் பாருங்கோ."

பார்த்தேன். நிரந்தர விசா ஆயுளுக்கும் உண்டு; ஆனால் வெளிநாடு போய்த் திரும்புகிற வசதி ஐந்து வருஷத்துக்குத்தான். அவருடைய ஐந்து வருஷம் முடிந்துபோயிருந்தது. ஆஸ்திரேலியக் குடியுரிமை எடுத்திருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. "இருக்கிற ஒரு பாஸ்போர்ட் எடுக்கவே அரைவாசி ஆயுள் போச்சுது" என்று அவர் எடுக்காமல் விட்டிருந்தார். முதல் தடவையே அவர் கிளம்பிப் போயிருந்தால் திரும்பும் விமானத்தில் ஏற்றியிருக்கமாட்டார்கள். நான் அனுப்பியிருப்பேன், அதுவும் சிரித்துக்கொண்டே.

மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. நான் பிழை செய்தது அவருக்கு ஒருவிதத்தில் ஆறுதலாக இருந்தது என்று நினைக்கிறேன். திரும்பி வருவதற்கான விசாவுக்கு அன்றே விண்ணப்பித்தோம். அதுவும் மின்னஞ்சலிலேயே சீக்கிரம் வந்தது. இந்திய விசாவும் வந்தது. இனிமேல் கேட்க அவரிடம் கேள்வி இல்லை. டிக்கெட் போடச் சொன்னார், தேதி குறித்தார். பிறகு பத்து நாள் ஆளைக் காணோம்.

அந்தப் பத்து நாளில் ஒரு மத்தியானம் கடைக்கு போன் வந்தது.

"அக்கா, நான் திருச்சியில இருந்து பேசுறேன். எங்க அப்பாவுக்கு நீங்கதானே விசா போடுறீங்க? டிக்கெட்டோட அடியில இந்த நம்பர் இருந்துச்சு."

அவருடைய மகள். முப்பத்து மூன்று வயது. பேச்சில் திருச்சிதான் அதிகம். ஓரத்தில் எங்கேயோ மன்னார் ஒட்டியிருந்தது.

"சொல்லுங்க" என்றேன்.

"விசா வந்திட்டுதுன்னு படம் அனுப்புறார். மூணு தடவை அனுப்பிட்டார். ரெண்டு தடவை ஏர்போர்ட்டுக்கு வண்டி எல்லாம் பேசி வச்சோம். என் வீட்டுக்காரர் பெயின்ட் வேலைக்குப் போறவர், லீவு சொல்லிட்டு நின்னார். இப்ப போன் அடிச்சா எடுக்க மாட்டேங்குறார். நெசமா சொல்லுங்கக்கா. விசா சரியாத்தான் இருக்கா? இல்ல, அதுல ஏதாவது குறை இருக்கா?"

குறை இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். இரண்டு பேருக்கும் அது வசதியாக இருந்திருக்கும். ஆனால் அந்தப் பெண்ணின் குரலில், பொய் சொன்னால் அதை உடனே நம்பிவிடத் தயாராக ஏதோ இருந்தது. அதனாலேயே சொல்ல முடியவில்லை.

"விசாவுல ஒரு குறையும் இல்லைங்க."

பின்னால் குழாயில் குடம் நிரம்புகிற ஓசை கேட்டது.

"சரிக்கா. அதுதான் தெரியணும்" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் அவர் வந்தார். மகள் பேசியதைச் சொன்னேன். முகம் இறுகிப்போனது. கதவிலிருந்து முதுகை எடுத்து மேசைக்கு வந்தார். கதவு அவருக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

"குறை இருக்கெண்டு சொல்லியிருக்கலாமே! ஒரு சொல்லுத்தானே. ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"பொய் சொல்லணுமா அங்கிள்?"

"ஓம்! சொன்னா என்ன?" கத்திவிட்டார். உள்ளறையிலிருந்து முதலாளியம்மா எட்டிப் பார்த்தார். அங்கிளின் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. "பதினொரு வருஷம் என்னட்டப் பேப்பர் இல்லை. தாய் சாகேக்க வரேல்லை எண்டா, பேப்பர் இல்லை. சரி. அதை அவள் விளங்கிக்கொள்ளுவாள். பிறகு இருபது வருஷம் பேப்பர் இருந்தது, பிள்ளை. அந்த இருபதுக்கும் எந்தப் பெட்டியில அடிக்கிறது?"

அவரே தொடர்ந்தார்.

"ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் எண்டு நினைச்சன். இலங்கையில பிறந்தவனுக்கு இந்தியா விசா தராது எண்டு ஆரோ சொன்னான். அதைப் பிடிச்சுக்கொண்டன். தூதரகத்துக்குப் போய்க் கேக்கவும் இல்லை. இப்ப நீங்கள் மூண்டு நாளில எடுத்துத் தாறியள்."

டிக்கெட்டை ரத்து செய்யுங்கள் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார். நாங்களேதான் ரத்து செய்தோம். அதன் பிறகு இரண்டு மாதம் அவர் வரவில்லை. நான் ரயிலில் செவன் ஹில்ஸைக் கடக்கும்போதெல்லாம் ஜன்னல் வழியாக அந்தத் தொழிற்பேட்டைக் கூரைகளைப் பார்த்தேன். அடுத்தவர் குடும்பத்தில் என் வாயை விட்டுவிட்டேனோ என்ற நினைப்பு விடவில்லை.

அவர் மறுபடி வந்தபோது, எப்போதும் தாள்களைத் திணித்துக் கொண்டுவருகிற பிளாஸ்டிக் உறை கையில் இல்லை. பாஸ்போர்ட் மட்டும் இருந்தது.

"அவள் போறாள்" என்றார்.

"யாரு?"

"மகள். முகாமில விரும்பித் திரும்பிப் போறவைக்கு ஒரு பட்டியல் போடுறாங்களாம். பேர் குடுத்திட்டாள். மன்னாருக்குப் போறாள், மருமகனோட. ஒரு வழிப் பேப்பர் ஒண்டு குடுப்பாங்கள், அவ்வளவுதான். பாஸ்போர்ட்டும் இல்லை, ஒண்டும் இல்லை. அங்க வீடும் இல்லை, தாயின்ர காணி ஒரு துண்டுதான் கிடக்குது. பயமில்லையோ எண்டு கேட்டன். 'நீங்க வருவீங்கன்னுதான் இத்தனை வருஷம் இங்கயே இருந்தேன். இனி நான் போறேன். வர்றதுன்னா அங்க வாங்க' எண்டு சொல்லிப்போட்டு வச்சிட்டாள்."

தான் விட்டு வந்த இடத்துக்கே மகள் தனக்கு முன்னால் போகப்போகிறாள் என்பது அவரை உலுக்கியிருந்தது. நின்ற இடத்தில் நிற்க முடியாமல் மேசைக்கும் ஜன்னலுக்குமாக நடந்தார்.

"இலங்கைக்குக் கிரேக்கன் என்ன விசா எடுக்கவேணும்?" என்று கேட்டார்.

"அதுவும் ஆன்லைன்தான் அங்கிள். முப்பது நாள் இருக்கலாம்."

"எத்தினை நாள் எடுக்கும்?"

நிரப்பத் தொடங்கினேன். இந்தியப் படிவம் மாதிரி இல்லை, கேள்விகள் கொஞ்சம்தான். அவர் போய் எதிர்க் கடையில் தேநீர் வாங்கி வருவதற்குள் அனுமதி வந்துவிட்டது. திரையைத் திருப்பிக் காட்டினேன். தேநீரைக் கீழே வைக்காமலே பார்த்தார்.

"இவ்வளவுதானோ?"

"இவ்வளவுதான்."

முப்பத்துமூன்று வருஷம் என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. டிக்கெட் போடும்போது முதலாளியம்மாவிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: விசா முடிவதற்கு ஐந்து நாளாவது முன்கூட்டித் திரும்ப வேண்டும். கடைசி நாள் வரை நிற்பவனைத்தான் பிடிப்பார்களாம்.

மகள் மன்னார் போய்ச் சேர்ந்த பிறகு அவர் கிளம்பிய சனிக்கிழமை எனக்கு விடுமுறை. நானும் விமான நிலையத்துக்குப் போனேன். போகாமல் திரும்பிவிடுவார் என்ற பயத்தில்தான் போனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். விமானத்துக்கு ஐந்து மணி நேரம் முன்பே வந்திருந்தார். கவுன்டர் திறந்ததும் முதல் ஆளாகப் போய் எல்லாத் தாள்களையும் பரப்பினார். அங்கிருந்த பெண் ஒன்றையும் தொடவில்லை. பாஸ்போர்ட்டை மட்டும் இயந்திரத்தில் தேய்த்துவிட்டு, "எல்லாம் இங்கேயே தெரிகிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "போறதும் தெரியுதோ, வாறதும் தெரியுதோ?" என்று என்னைக் கேட்கச் சொன்னார். கேட்டேன். இரண்டும் தெரிகிறது என்றாள்.

"போட்டு வாறன் பிள்ளை" என்றார். உள்ளே போகிற வரிசையிலிருந்து நான்கு தடவை விலகி வந்து நான்கு தடவை அதையே சொன்னார். ஐந்தாவது தடவை திரும்பி வரவில்லை.

மறுநாள் மகளிடமிருந்து வாட்ஸப்பில் குரல் செய்தி வந்தது. கணவனும் அவளும் மன்னாரிலிருந்து வேன் பிடித்துக் கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வந்திருந்தார்கள். விமானம் இறங்கிவிட்டது. அதில் வந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். அடுத்த விமானத்தில் வந்தவர்களும் வந்துவிட்டார்கள். இவர் வரவில்லை.

"பிடிச்சு வச்சிட்டாங்கன்னே நெனச்சிட்டேன்க்கா. அழுதுட்டேன். அங்க நின்ன செக்யூரிட்டிகிட்ட என் வீட்டுக்காரர் கெஞ்சி, ஒருத்தரை உள்ள அனுப்பிப் பாக்கச் சொன்னார். அவர் போய்ப் பாத்தா, அப்பா பெட்டி வர்ற இடத்துல பெட்டிய எடுத்து வச்சுக்கிட்டு நிக்கிறாராம். ஒன்றரை மணி நேரமா. பாஸ்போர்ட்ல குத்த ரெண்டு நிமிஷம்தான் ஆச்சாம். எத்தனை நாள் நிப்பீங்கன்னு மட்டும் கேட்டாங்களாம். முப்பது நாள்னு சொன்னாராம், போங்கன்னு விட்டுட்டாங்களாம். அதுக்கப்புறம் அந்தக் கதவைத் தாண்டி வர்றதுக்குத்தான் அவருக்கு முடியல."

வந்ததும் என்ன பேசினார்கள் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்டு எழுதவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு முற்பகல். முதலாளியம்மா வெளியே போயிருந்தார். கடை போன் அடித்தது. கரகரப்பான இணைப்பு, பின்னால் சுத்தியலால் தகரம் அடிக்கிற சத்தம்.

"பிள்ளை, நான்தான். டிக்கெட்டை மாத்த ஏலுமோ?"

முடிந்தது, ஓடிவரப் பார்க்கிறார் என்றே நினைத்தேன். "என்னாச்சு அங்கிள்? எப்ப வரணும்?"

"இருங்கோ." வாயைப் போனிலிருந்து எடுத்துவிட்டு யாரிடமோ பேசினார். மகளின் குரல் தூரத்தில் கேட்டது. "முப்பது நாள்னு அவங்ககிட்ட சொன்னீங்கல்ல? அப்ப முப்பது நாளும் இருங்க. அஞ்சு நாளை யாருக்குக் குடுக்கப் போறீங்க?"

"கேட்டுதோ பிள்ளை?" என்றார் என்னிடம்.

"கேட்டுச்சு."

"அப்ப கடைசி நாளுக்கே போடுங்கோ."

முன்பென்றால் தேதியை மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டிருப்பார். நான் மாற்றிவிட்டு, புதிய தேதியை வாசிக்க வாயெடுத்தேன். அதற்குள், கூரைத் தகரத்தைப் பிடிக்க ஆள் இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.